விரிசல் மேல் மருதாணி

நான் இந்த நாற்காலியிலேயே காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறேன் ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முழங்காலில் கோளாறு. வருஷக்கணக்காக ஈர மண்ணில் நின்ற கால், தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். உங்கள் எழுத்தர் பாய் விரித்துக் கொடுத்தார், நல்ல மனுஷர். ஆனால் எனக்கு அது ஒத்துவராது.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டுவிடுகிறேன். அங்கே மோட்டாரை யாராவது போட்டார்களா? இடத்துக்கு முத்திரை வைத்தீர்கள், அது உங்கள் வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் முத்திரை வைத்தவர்கள் மோட்டாரையும் நிறுத்திவிட்டார்கள். இந்நேரம் தண்ணீர் அடிவரிசைச் செங்கலைத் தொட்டிருக்கும். இந்த ஏர்கூலர் போடுகிற இரைச்சலை மோட்டார் என்று நினைத்து நான் ஏற்கெனவே இரண்டு தரம் ஏமாந்துவிட்டேன். சரி, சொல்கிறேன். சொல்லி முடித்தால் போடச் சொல்வீர்கள் அல்லவா?

பெயர் வன்னாஸ். கூஃபாவில் யாரைக் கேட்டாலும் இந்தப் பெயரில் என்னைத் தெரியாது என்பார்கள். மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாரின் அப்பா என்று கூப்பிடுகிற ஊர் நம்முடையது. பிள்ளை இல்லாதவனை என்ன செய்வது? அபூ காயிப், அதாவது இன்னும் வந்து சேராத பிள்ளையின் அப்பா. கேலி இல்லை, மரியாதைதான். நானும் அதற்குப் பழகிவிட்டேன். என் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போகும்போது, "நீ அந்தக் குழியையே கட்டிக்கிட்டு அழு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் பாதிதான் பலித்தது. நான் அழவில்லை.

அந்தக் குழி, பெரிய பள்ளிவாசலின் தென்சுவரை ஒட்டிய ஆளுநர் மாளிகை. அதன் பராமரிப்பு என் பொறுப்பு. தெரு மட்டத்துக்கு ரொம்பக் கீழே இருக்கிறது. மேலே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் வாசல்கள், முற்றம், அரைவட்டமாகப் புடைத்த சுவர்த்தூண்கள் எல்லாம் தெரியும். யாத்திரை வருகிறவர்கள் பள்ளிவாசலுக்குப் போவார்கள், அந்தப் பள்ளிவாசலில் வெட்டுப்பட்டு இறந்த இமாமின் வீட்டுக்குப் போய்க் கண்ணீர் விடுவார்கள், பிறகு என் வேலியோரம் வந்து நின்று மாளிகைக்காரனைச் சபிப்பார்கள். சபித்துவிட்டுக் கையில் இருக்கிற தண்ணீர் பாட்டிலை உள்ளே எறிவார்கள். தினமும் பொறுக்குவது நான்தான்.

ஒப்புக்கொள்கிறேன், அங்கே உட்கார்ந்து ஆண்டவர்களில் நல்லவர் குறைவு. நபியின் பேரர் அனுப்பி, ஊரை நம்பி வந்த தூதரை இதன் கூரையிலிருந்துதான் தள்ளிக் கொன்றார்கள். கடிதம் போட்டு வரவழைத்த ஊர்க்காரர்கள் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். ஆனால் செங்கல் என்ன செய்யும்? அதைச் சுட்டவனும் அடுக்கியவனும் யாரையும் தள்ளவில்லையே. வடக்குச் சுவரில் ஒரு இடத்தில், சுடுவதற்கு முன்பு பச்சைக் கல்லின் மேல் ஒரு நாய் ஓடியிருக்கிறது. அந்தக் கால் தடம் இன்னும் இருக்கிறது. அந்தச் சுவரை நான் நேசித்தேன். ஒரு மனுஷனை நேசிப்பதுபோல என்று சொல்ல மாட்டேன், மனுஷர்களை நேசித்து எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

அந்தச் சுவருக்குப் பகை தண்ணீர். ஆற்றிலிருந்து ஊறுகிறது, சுற்றி இருக்கிற வீடுகளின் கழிவுக் குழிகளிலிருந்து ஊறுகிறது. செங்கலில் ஏறி, காய்ந்து, உப்பாகப் பூத்து, கல்லைப் பொடியாக்கிவிடும். விரலால் தடவினால் மாவு மாதிரி உதிரும். அதற்காகத்தான் மோட்டார். அது ஓடும்போது நன்றாகத் தூங்குவேன், நின்றால் விழித்துக்கொள்வேன். இங்கே கொண்டுவந்ததிலிருந்து நான் தூங்கவில்லை.

இப்போது சாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே பெஞ்சில் அவன்தான் உட்கார்ந்திருக்கிறான், வரும்போது பார்த்தேன். ஆற்றங்கரைச் சந்தையில் மீன் விற்பவன். அவன் வீடு என் கிழக்கு வேலியை ஒட்டி இருந்தது. விடியுமுன் சந்தைக்குப் போகிறவன், வெயில் ஏறித் திரும்பும்போது வேலியோரம் நின்று என்னை வம்புக்கு இழுக்காமல் வீட்டுக்குள் போக மாட்டான்.

"என்ன அபூ காயிப், உன் எசமானுக்குக் கால் நனையாமப் பாத்துக்கிட்டியா?"

"எசமான் செத்து ஆயிரத்து முந்நூறு வருஷமாச்சு."

"அதான் சொல்றேன். ஊரே அவனைக் காறித் துப்புது, நீ ஒருத்தன்தான் அவன் வாசலக் கூட்டுற. இந்தா, கெண்டை. பத்ரிய்யா சாயங்காலம் வரச் சொன்னா. வரலைன்னா மீனைத் திருப்பிக் குடுத்துரு."

பத்ரிய்யா அவன் மனைவி. வாரத்தில் பாதி நாள் என் சாப்பாடு அவள் கையால்தான். உள்ளறையில் துணி விரித்து, நடுவில் சோற்றுத் தாம்பாளம் வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைப்போம். மீனில் முள் நீக்கி என் பக்கம் தள்ளுவாள். நான் வேண்டாம் என்றால் சாசிப், "அவளுக்கு நீ புள்ள மாதிரி, தின்னு," என்பான். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முஹர்ரம் துக்க நாட்களில் தெருவுக்கே கஞ்சி கிண்டிப் போடுவாள். ஒரு தடவை அடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம ஊருக்கு ஒரு கெட்ட பேரு இருக்குண்ணே, வந்தவனக் கைவிட்டவங்கன்னு. என் வாசல்ல இருந்து ஒருத்தரும் பசியோட போகக் கூடாது. போனா எனக்குத் தாங்காது."

நல்ல பெண்மணி. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

போன குளிர்காலத்துக்கு முன்பு, ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு என்னை நிறுத்தினாள். "அண்ணே, நீங்க செவுத்துக்கு வைத்தியருதானே, இதக் கொஞ்சம் பாருங்க." உள்ளறையில், என் வேலிப் பக்கத்துச் சுவரில், ஜன்னலுக்குக் கீழிருந்து மூலை வரைக்கும் ஒரு விரிசல். மயிரிழைதான். பயப்படும்படி ஒன்றும் இல்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஜிப்சத்தைக் குழைத்து, விரிசலின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வில்லை ஒட்டி, அதன் மேல் தேதியைக் கீறி வைப்போம். ஜிப்சம் இழுவை தாங்காது. சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் வில்லை பட்டென்று பிளந்துவிடும். முழுசாக இருந்தால் சுவர் அசையவில்லை. மாளிகையில் அந்த மாதிரி நிறைய வைத்திருக்கிறேன். அவள் சுவரிலும் ஒன்று வைத்தேன்.

"இது முழுசா இருக்கிற வரைக்கும் கவலைப்படாதீங்க," என்றேன். "ஒடஞ்சிருச்சுன்னா, அடுப்புல எது இருந்தாலும் விட்டுட்டு வெளிய வந்துருங்க. வந்துட்டு எனக்கு ஆள் அனுப்புங்க."

அன்றைக்கு, கல்யாணமாகிப் போயிருந்த அவர்கள் மகள் சிஹாமுக்குக் குழந்தை தங்கியிருக்கிறது என்று செய்தி வந்திருந்தது. பத்ரிய்யா நேர்ச்சைக்காக மருதாணி குழைத்து, ஒரு தர்காவின் கதவில் கை பதித்துவிட்டு வந்திருந்தாள். மிச்சம் கிண்ணத்தில் இருந்தது. அதில் கட்டைவிரலைத் தொட்டு, வில்லையின் நடுவில் ஒரு பொட்டு அழுத்தினாள். "கண்ணு படாம நிக்கட்டும்," என்றாள். ஈர ஜிப்சத்தில் மருதாணி அழகாகப் பிடித்துக்கொண்டது.

அந்தக் குளிர்காலத்தில்தான் மோட்டார் தண்ணீரின் நிறம் மாறியது. தெளிவாக வந்தால் தண்ணீரை மட்டும் இறைக்கிறோம். பால் விட்ட தேநீர் நிறத்தில் வந்தால், கூடவே எங்கிருந்தோ மண்ணையும் இழுக்கிறோம். எங்கிருந்து என்பது தெரிய எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. மோட்டார் கிணறு கிழக்கு மூலையில் இருக்கிறது. குழாயின் வாயைக் கொண்டுபோய் மூடின சாக்கடைக்குள் விட்டேன். கலங்கின தண்ணீர் வெளியே ஓடினால் யாராவது கேள்வி கேட்பார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் என் நிலையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாளிகையைச் சுற்றி நிரந்தர வடிகால் கட்டித் தருவதாக மேலிடத்தில் முடிவாகியிருந்தது. மழைக்காலம் போனதும் வேலை தொடங்கும். நான் தலைநரைக்கக் காத்திருந்த வடிகால் அது. இந்தச் சமயத்தில், மோட்டார் பக்கத்து வீட்டு மண்ணை இழுக்கிறது என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் என்ன நடக்கும்? பொறியாளர் வருவார், மோட்டாரை நிறுத்து என்பார். சுற்றுவட்டாரத்து வீடுகளையெல்லாம் சோதிக்க ஒரு குழு போடுவார்கள், வடிகால் கோப்பு எந்த மேஜைக்கடியிலோ போய்ச் சேரும். அதற்குள் தண்ணீர் ஏறி என் வடக்குச் சுவரைத் தின்றுவிடும். சாசிப்பின் வீடு அவன் அப்பா சிமெண்டுக் கல்லில் கட்டியது. அது போனால் ஒரு பருவத்தில் திரும்பக் கட்டிவிடலாம். என் சுவரை யார் திரும்பக் கட்டித் தருவார்? நான் வீட்டைத்தான் சொல்கிறேன், வீட்டில் இருந்தவர்களை அல்ல. எனக்கு வேண்டியிருந்தது கொஞ்ச காலம். மழைக்காலம் முடிகிற வரைக்கும்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவர்கள் ஸஹ்லா பள்ளிக்குத் தொழப் போவார்கள். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம், மீன் பெட்டிக்கு ஐஸ்காரன் வந்தால் திறந்துவிட வேண்டும். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை உள்ளே போனபோது வில்லை பிளந்திருந்தது. நடுவில், அவள் மருதாணிப் பொட்டின் குறுக்காகவே. மதியம் வரை முழுசாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொல்லியிருப்பாள்.

 என் கொட்டகைக்குப் போய் ஜிப்சமும் கொத்துக்கரண்டியும் எடுத்து வந்தேன். பழையதைப் பெயர்த்தேன், விரிசலுக்குள் களிமண் திணித்தேன், புதிய வில்லை ஒட்டினேன். ஜிப்சம் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் அவசரப்பட வேண்டியிருந்தது. பழைய தேதியையே கீறினேன். தேநீர்ச் சாயம் தடவிப் பழசாக்கினேன். எல்லாம் ஆன பிறகுதான் மருதாணி ஞாபகம் வந்தது. அவர்கள் வீட்டுக் கிண்ணம் காலி.

பள்ளிவாசல் சந்தைக்கு ஓடினேன். மருதாணிக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அபூ காயிப், கடைசில பொண்ணு கெடச்சிருச்சா?"

"கெடச்சா உங்களுக்குத்தான் மொதல்ல சொல்வேன்."

"மாப்பிள்ளைக்கு மருதாணி நான் சும்மா தர்றேன். எடுத்துட்டுப் போ. தாடிக்கும் கொஞ்சம் போட்டுக்க, பொண்ணு பயந்துரப் போறா."

நானும் சிரித்தேன். திரும்பி வந்து குழைத்து, கட்டைவிரலில் தொட்டு அழுத்தினேன். ஐஸ்காரனும் அப்போதுதான் வந்தான். கதவைத் திறந்துவிட்டு, பெட்டியில் ஐஸ் சரியாக நிரப்பினானா என்றும் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது பத்ரிய்யா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"என் வெரலு இம்மாம் பெருசாண்ணே?"

"ஈரத்துல பூசினது, பரவியிருக்கும்," என்றேன்.

"வெரலு இல்ல, நீயே பரவிட்டே," என்றான் சாசிப். "சோத்தக் கொற."

அவள் கையிலிருந்த ரொட்டியை அவன் மேல் எறிந்தாள். எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. என்னை நம்பினாள், அதனால் தன் கண்ணை நம்பவில்லை.

அதன் பிறகு எத்தனை தடவை மாற்றினேன் என்று எண்ணவில்லை. செவ்வாய் தவறாமல் போனேன். சில வாரம் வில்லை முழுசாகவே இருக்கும், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். வீட்டுக்கு வந்து பாட்டு முணுமுணுப்பேன். சில வாரம் ஒட்டின வில்லை மூன்று துண்டாகக் கிடக்கும். நல்லவேளை, எப்போது பிளந்தாலும் அவர்கள் பார்ப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். ஒரு தடவை தப்பியது. வெள்ளிக்கிழமை காலையில் அவள் கூப்பிட்டனுப்பினாள், ஓரத்தில் ஒரு கீறல். வாளி பட்டிருக்கும் என்று அவள் கண் முன்னாலேயே மெழுகி விட்டேன். அவளும் ஒரு சின்ன வாளி அங்கே வைத்திருந்ததை ஒப்புக்கொண்டு, தன்னையே திட்டிக்கொண்டாள்.

முழங்கால் தகராறு ஆரம்பித்ததும் அந்தக் காலத்தில்தான். தரையில் உட்கார முடியவில்லை என்று சொன்னேன். முற்றத்தில் எலுமிச்சை மரத்தடியில் நாற்காலி போட்டு, தனித் தட்டில் சாப்பாடு கொடுத்தார்கள். பத்ரிய்யாவுக்கு அதில் மனசே ஆறவில்லை. எள்ளெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். முள் நீக்கின மீன் மட்டும் உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது.

பிறகு சிஹாம் வந்தாள். தலைப்பிரசவம் ஆனவள் நாற்பது நாள் அம்மா வீட்டில் இருப்பாள், அதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். பிள்ளை இல்லாதவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் நினைவில் நிற்பதில்லை. ஆண் குழந்தை. ஊரிலேயே பிறந்ததால் காதில் பாங்கு சொல்ல நான்தான் வேண்டும் என்று சாசிப் ஒரே பிடிவாதமாக இருந்தான்.

"யார் யாரோ சொல்றதுக்கு நீ சொல்லு. வராத புள்ளைக்கு அப்பன்னு எத்தன நாளைக்கு இருப்ப? இவன் வந்துட்டான் பாரு, எடுத்துக்க."

என் முழங்காலுக்காகக் குழந்தையை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து, வலது காதில் பாங்கு சொன்னேன். கை அளவுதான் இருந்தான். என் தழும்பு விழுந்த கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. சிஹாம் சிரித்துக்கொண்டே விரல் விரலாகப் பிரித்தாள். நான் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் உள்ளறைக்குக் கொண்டுபோனாள், தொட்டில் அங்கேதான் இருந்தது, வீட்டிலேயே குளிர்ந்த அறை என்று.

ஒரு வாரம் போயிருக்கும், சிஹாம் வந்து சொன்னாள். "மாமா, ரூம்பு கதவு இடிக்குது. மூடினா தொறக்க மாட்டேங்குது. கொழந்த திடுக்திடுக்குன்னு முழிக்கிறான்."

கதவு இடித்தால் நிலை சாய்கிறது என்று அர்த்தம். இழைப்புளி எடுத்துப் போய், வெளிப்பக்கம் நின்று, கதவின் மேல் ஓரத்தைச் சீவிவிட்டேன். நன்றாக மூடியது. அவள் எனக்காக இறைவனிடம் துவா கேட்டாள்.

அன்று மாலை சாசிப் வேலிக்கு வந்தான். வம்பு பேசவில்லை. அவன் வம்பு பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"வெளையாட்டுக்குக் கேக்கல. ராத்திரியெல்லாம் அந்தச் செவுரு கடக்கடக்குங்குது. என் தம்பி வீடு நஜஃபுல சும்மாத்தான் கெடக்கு. நாப்பது முடியிற வரைக்கும் அங்க போயிரட்டுமா? நீ போன்னு சொன்னா நாளைக்கே போறேன். இருன்னு சொன்னா இருக்கேன். உன்ன விடச் செவுரு தெரிஞ்சவன் யாரு எனக்கு?"

இதை நான் மறைக்கவில்லை பாருங்கள். போ என்று ஒரு வார்த்தை. அவன் போயிருப்பான். ஆனால் தம்பி வீட்டுக்குப் போனவன் காரணம் சொல்வான், தம்பி நகராட்சியில் வேலை பார்ப்பவன், மறுநாளே பொறியாளரைக் கூட்டிவருவான். வடிகாலுக்கான குழாய்கள் அந்த வாரம்தான் வந்து வேலியோரம் இறங்கியிருந்தன. என் கண் முன்னால் கிடந்தன.

"வில்லை முழுசாத்தானே இருக்கு?" என்றேன்.

"முழுசாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன? கோடை வருது, மண்ணு காயுது, சத்தம் வரத்தான் செய்யும்."

அவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

சுவர் விழுந்தது ஒரு காலைப்பொழுதில். சாசிப் சந்தையில் இருந்தான். நான் கிழக்கு மூலையில் மோட்டார் கிணற்றுக்குள் வலைச்சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை, சாக்கு மூட்டையை இறக்கிப் போட்டதுபோலத்தான் இருந்தது. பிறகு தூசி வந்தது. நான் கிணற்றிலிருந்து ஏறினேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலியோரம் நின்ற யாத்திரீகர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் முதலில் வடக்குச் சுவருக்குத்தான் ஓடினேன். அதிர்ச்சியில் ஏதாவது உதிர்ந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றும் உதிரவில்லை. நாயின் கால் தடம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு வேலி தாண்டினேன். கூரைப் பலகைகள் உள்ளறை மேல் மட்டும் இறங்கியிருந்தன. மற்ற அறைகள் நின்றன, எலுமிச்சை மரம் நின்றது, என் நாற்காலியும் நின்றது. பத்ரிய்யாவையும் சிஹாமையும் மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள். குழந்தை தொட்டிலோடு கிடைத்தான். மூவரில் யாருக்கும் உயிர் இல்லை. தோண்டினவர்களில் நானும் ஒருவன், விசாரித்துப் பாருங்கள்.

துக்கக் கூடாரத்தில் சாசிப் என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தான். வருகிறவர்கள் அவன் கையைப் பிடித்துவிட்டு என் கையையும் பிடித்தார்கள். இரண்டாம் நாள் அவன் ஒரு கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினான். இடிபாட்டிலிருந்து எடுத்த வில்லை, உங்கள் மேஜைமேல் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்களே, அதுதான். சுவர் இரண்டாகப் பிளந்தும் அது ஒரு பக்கத்தோடு பெயர்ந்து முழுசாகவே கிடந்திருக்கிறது. சுவர் விழுந்ததற்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை, சிஹாம் குழந்தையோடு முற்றத்தில் இருந்த நேரம் பார்த்து மாற்றியிருந்தேன். இறுகியிருந்ததே தவிர சுவரில் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, அதனால் பிளக்காமல் உரிந்துவிட்டது.

"அவ வெரலு," என்றான். "எங்கிட்ட மிஞ்சினது இதான்." மருதாணிப் பொட்டை முத்தமிட்டான்.

  என் விரலை அவன் முத்தமிட்டுக்கொண்டிருந்தான், எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன், அவன் என் கையைப் பிடித்திருந்தான்.

தினமும் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். பார்க்கப் பார்க்கத்தான் குறுக்கே ஒரு கோடு தெரிந்திருக்கிறது. பத்ரிய்யாவின் கட்டைவிரலில் கோடு கிடையாது. கொத்துக்கரண்டி வெட்டி, குறுக்காகத் தழும்பு விழுந்த கட்டைவிரல் ஒன்றை அவன் வருஷக்கணக்காக ஒரே தாம்பாளத்தில் எதிரே பார்த்துச் சோறு தின்றவன். நேராக உங்களிடம் வந்துவிட்டான். என்னிடம் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆமாம், இது என் விரல்தான். மை தேவையில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. வில்லையை மாற்றியது நான், மோட்டாரை ஓட்டியது நான், இரு என்று சொன்னது நான். ஆனால் சுவர் விழும் என்று நான் நினைக்கவில்லை. அதை அழுத்திச் சொல்கிறேன், எழுத்தர் எழுதிக்கொள்ளட்டும். என் அனுபவத்தில் அது கோடையைத் தாண்டும் என்று மதிப்பிட்டேன். மதிப்பீடு தவறிவிட்டது. தொழில் தெரிந்தவர்களுக்கும் தவறும். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். இப்போது மோட்டாரைப் போடச் சொல்லுங்கள் ஐயா, நாம் பேச ஆரம்பித்ததிலிருந்து இன்னொரு வரிசை ஏறியிருக்கும்.

என்ன கேட்டீர்கள்?

நேற்று மதியம் காவல் அறையில் நான் தொழுததைக் காவலர் பார்த்திருக்கிறாரா? முழங்கால் முடியாதவர்கள் நாற்காலி கேட்டு வாங்கித் தொழுவார்கள், நான் கேட்கவில்லையாம். மண்டியிட்டேன், நெற்றியைத் தரையில் வைத்தேன், யார் கையும் பிடிக்காமல் எழுந்து நின்றேன் என்கிறார். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். தொழுகையில் முழங்கால் நினைப்பு எனக்கு வரவில்லை.

இந்தக் கூலரைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?

முழங்காலில் ஒன்றும் இல்லை ஐயா. எப்போதும் இருந்ததில்லை. இரண்டாவது வில்லை உடைந்த வாரத்திலிருந்து அந்த அறைக்குள் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில்கூட ஒரு கால் வாசலிலேயே இருக்கும். உள்ளே வராமல் இருக்க அவளிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிச் சொல்லிப் பழகிப்போய் உங்களிடமும் சொல்லிவிட்டேன். மதிப்பீடு என்று எழுதினதை அடித்துவிடச் சொல்லுங்கள். அந்த மரத்தடியில் உட்கார்ந்து, உள்ளே அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நானும் சாப்பிட்டேன்.

பாயை விரிக்கச் சொல்லுங்கள். கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன்.